மணி அடிக்கும் வரை

ராணியின் குடல் திராட்சைப் பந்தலின் கல்லுக்காலைச் சுற்றிக் கிடந்தது. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் ஒச்சாண்டி அதை அறுந்துபோன சொட்டுநீர்க் குழாய் என்று நினைத்துக் குனிந்து இழுத்தான். கை வழுக்கியது. நாலடி தள்ளி ராணி கிடந்தாள். நெஞ்சிலிருந்து தொடை வரை வயிறு திறந்திருந்தது. உயிர் இன்னும் போகவில்லை. அவனைப் பார்த்ததும் வாலை ஒரு தடவை மண்ணில் தட்டினாள். மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஒரே போடு போட்டு அவளை அனுப்பி வைத்தான். அதற்குப் பிறகுதான் அழுதான்.

ஓடைப்பட்டியில் மலையடிவாரத்தை ஒட்டி அவனுக்கு இரண்டு ஏக்கர் திராட்சை. இரண்டு வருடமாகக் காட்டுப்பன்றிகள் அதைப் பாட்டன் சொத்தாக நினைத்து வந்துபோய்க்கொண்டிருந்தன. கொடியின் தூரைத் தோண்டின, குழாயைக் கடித்துக் குதறின, குறுக்கே வந்த ஆளையும் நாயையும் குத்தின. பக்கத்துத் தோட்டத்து வேலுச்சாமிக்குத் தொடையில் ஒரே கிழி. கார் உத்தமபாளையம் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது சீட்டில் ரத்தம் இருந்தது, வேலுச்சாமிக்கு உயிர் இல்லை. பன்றியை ஆள் கொன்றால் கேஸ். ஆளைப் பன்றி கொன்றால் மனு. இந்த நியாயத்தை எந்த ஊரில் போய்ச் சொல்வது?

ராணி செத்த சேதி கேட்டுத்தான் ஜாஸ்பர் வந்தான். ராயப்பன்பட்டிக்காரன். இன்ஜினியரிங் படித்துவிட்டு, பன்றிகளைக் கொல்லாமல் விரட்ட வழி தேடும் ஒரு சின்னக் குழுவில் வேலை பார்த்தான். வந்தவன் ராணியின் பத்து மாதக் குட்டிகளைப் பார்த்ததும் அப்படியே களத்தில் குந்திவிட்டான். சூரன், செம்பி. இரண்டும் அசல் கோம்பை நாய்கள். செம்மண் நிறம், கரி பூசிய மூஞ்சி, ஒரு இலை விழுந்தாலும் ஊரைக் கூட்டுகிற தொண்டை.

“நாய்க்கு ஆளு பாடஞ் சொல்லக் கூடாதுண்ணே,” என்றான் ஜாஸ்பர். “ஆளுக்கு அசதி வரும், கோவம் வரும், இன்னைக்கு ஒண்ணு சொல்லுவான், நாளைக்கு ஒண்ணு சொல்லுவான். கேமரா அப்பிடியில்ல. நான் மாட்டித் தாரேன், பாருங்க.”

மோட்டார் ரூமுக்கு முன்னால் இருந்த களத்தில் ஒரு கம்பம் நட்டு, உச்சியில் கேமராவைப் பொருத்தினான். கீழே ஒரு இரும்புப் பெட்டி. கேமரா நாயின் ஒவ்வொரு அசைவையும் பின்தொடர்ந்தது. போனில் பார்த்தால் நாயின் மூக்கில் ஒரு புள்ளி, காதில் ஒரு புள்ளி, முதுகில் நாலு, வாலில் ஒன்று. நாய் எப்படித் திரும்பினாலும் புள்ளிகளும் கூடவே திரும்பின. நாம் நினைத்ததை நாய் செய்த அந்த நொடியில் பெட்டியில் மணி அடிக்கும், வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு தட்டில் விழும்.

முதல் நாள், கம்பியில் ஓடுகிற பொம்மைப் பன்றியைத் திரும்பிப் பார்த்தாலே மணி அடித்தது. அடுத்த நாள் பார்வை போதவில்லை, ஓரடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அப்புறம் பத்தடி, அப்புறம் ஓட்டம். கடைசியாக, பன்றிக்கு ஐந்தடி தூரத்தில் நின்று, நேருக்கு நேர் குரைத்தால்தான் மணி. மூன்று தடவை சரியாகச் செய்துவிட்டால் அடுத்த படியை இயந்திரம் தானாகவே ஏற்றிவிடும். ஆள் பக்கத்தில் இருக்கக்கூட வேண்டியதில்லை. ஒச்சாண்டி கயிற்றுக் கட்டிலில் படுத்து பீடி குடித்துக்கொண்டிருக்க, நாய்கள் தம்பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தன.

பொம்மைப் பன்றியைச் செய்தது ஒச்சாண்டிதான். ஜாஸ்பர் கறுப்புத் துணி வாங்கி வருவதாகச் சொன்னான்.

“சாக்கு கெடக்கையில துணி எதுக்கு தம்பி?”

சணல் சாக்கில் வைக்கோல் திணித்து உடம்பு செய்தான். தலைக்கு இன்னொரு சாக்கை எடுத்து ஒரு மூலையை மறு மூலைக்குள் செருகினான். கூம்பாக நின்றது. அதை வைக்கோல் மூட்டையின் மேல் கவிழ்த்தான். மழைக்காலத்தில் தலைக்கும் முதுகுக்கும் போட்டுக்கொள்கிற கொங்காணிக்கு இந்தப் பக்கத்தில் எல்லோரும் மடிக்கிற மடிப்பு அது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கை பழகிய மடிப்பு. சாக்கை வேறு விதமாக மடிக்கலாம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

ஈரல் வேகவைக்கிற வேலை அவன் மனைவி அனுசுயாவுடையது. தினம் காலையில் அரைக் கிலோ ஈரலை உப்பில்லாமல் அவித்து, விரல் நுனியளவு துண்டுகளாக நறுக்கிக் கொடுத்துவிடுவாள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் அவள் சோறூட்ட மிஞ்சியது அந்த இரண்டும்தான். சாயந்தரம் அவன் வண்டியை நிறுத்தும்போதே வாசலில் நின்று கேட்பாள்:

“நாய்க தின்னுச்சுகளா?”

நீ தின்றாயா என்று ஒரு நாள் கேட்டதில்லை. ஒச்சாண்டிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

ஆடி, ஆவணி இரண்டு மாதமும் நன்றாகத்தான் போயிற்று. பன்றிகள் வந்தன, நாய்கள் ஐந்தடியில் நின்று குரைத்தன, பன்றிகள் ஓடின. ஆனால் பன்றியும் முட்டாள் இல்லையே. இந்த நாய்கள் ஐந்தடிக்கு மேல் வராது என்று அதுகளும் படித்துக்கொண்டன. காது கிழிந்த பெரிய ஆண் ஒன்று, நாய்கள் குரைக்கக் குரைக்க எதிரே நின்று நிதானமாகத் தூரைத் தோண்டித் தின்றது. தின்று முடித்துவிட்டு, போகிற போக்கில் சூரனின் தோளைக் கிழித்துப்போட்டது. பதினாலு தையல்.

அன்றைக்கு ஒச்சாண்டியின் தலைக்குள் ஏதோ அறுந்தது. ராணியின் குடல் கையில் வழுக்கியது மறுபடியும் நினைவுக்கு வந்தது. விரட்டுவதாம், மிரட்டுவதாம். அவனுக்கு அந்தப் பன்றி சாக வேண்டும்.

ஜாஸ்பர் அப்போது ஏதோ பயிற்சிக்காக இரண்டு மாதம் சென்னை போயிருந்தான். போகும் முன், நாய் எங்கே நின்றால் மணி அடிக்கும் என்று போனில் காட்டுகிற கோட்டைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்த மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தான். ஒச்சாண்டி போனை எடுத்து, ஐந்தடியில் இருந்த கோட்டை விரலால் தள்ளித் தள்ளிப் பன்றியின் பிடரியில் கொண்டுபோய் வைத்தான். நாயின் வாய்ப் புள்ளி பிடரியைத் தொட்டால் மணி. பிறகு தொட்டால் மட்டும் போதாது, பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு நொடி, ஐந்து நொடி, பத்து நொடி. ‘குரைப்பு’ என்று ஒரு கட்டமும் அதில் டிக் அடையாளமும் இருந்தன. கவ்விய வாயால் நாய் எப்படிக் குரைக்கும்? அந்த டிக்கை எடுத்தான். மேலே ஏற்றுவதை இயந்திரத்திடமே விட்டுவிட்டான். அது சலிக்காமல் ஏற்றிக்கொண்டே போயிற்று.

கடித்துக் கடித்து ஒரு வாரத்தில் பொம்மையின் தலைச்சாக்கு அங்கங்கே பிய்ந்துபோயிற்று. புதுச் சாக்கை மடித்து மாட்டிவிட்டுப் பழையதை மோட்டார் ரூம் ஆணியில் தொங்கவிட்டான்.

பத்தாம் நாள் அனுசுயா களத்துக்கு வந்தவள் கேட்டாள். “ஏங்க, நாய்க ஏன் ஊமையாப் போச்சுக? நான் வந்து நிக்கிறேன், ஒரு கொரைப்பக் காணோம்.”

“கொரைக்கிற நாய் கடிக்காதுன்னு சொல்லுவாகள்ல? இதுக கடிக்கிற நாய்க. எதுக்குக் கொரைக்கணும்?” பெருமையாகத்தான் சொன்னான்.

“எனக்கு என்னமோ பிடிக்கல. வார்றது தெரியாம வந்து காலுக்கடியில நிக்கிதுக.”

“நீ ஈரல அவிச்சுக் குடு. அது போதும்.”

புரட்டாசி முடிகிற ஒரு காலையில் காது கிழிந்தது வந்தது. ஒச்சாண்டி சங்கிலியை அவிழ்த்தான். இரண்டும் சத்தமே இல்லாமல் வயிறு தரையில் உரசப் பந்தலுக்குள் ஓடின. பன்றி தலையைத் தூக்கக்கூட நேரமில்லை. செம்பி பிடரியில் ஏறினாள், சூரன் காதடியில் கவ்வினான். பன்றி அலறிய அலறலில் மலையில் எதிரொலி கேட்டது. நாய்களைச் சுமந்துகொண்டே கல்லுக்காலில் மோதியது, கல் இரண்டாக முறிந்து கொடி சரிந்தது. சூரனின் தோளில் பழைய காயம் பிளந்து ரத்தம் கொட்டியது. விடவில்லை. மோதி, உருண்டு, முழங்காலிட்டு, கடைசியில் பன்றி பக்கவாட்டில் சாய்ந்து நுரை தள்ளியது. ஒச்சாண்டி ஓடிப்போய் மண்வெட்டியால் அதன் மண்டையைப் பிளந்தான். ஒன்று ராணிக்கு. ஒன்று வேலுச்சாமிக்கு. அதற்கப்புறம் விழுந்த வெட்டுகள் அவனுக்கே. அவ்வளவு சந்தோஷமாக அவன் தன் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

பன்றி செத்த பிறகும் நாய்கள் வாயை எடுக்கவில்லை. அதட்டினான், உதைத்தான், தண்ணீரை மூஞ்சியில் அடித்தான். பல் இன்னும் உள்ளே இறங்கியதே தவிர வெளியே வரவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் அவனுக்குப் புத்தியில் உறைத்தது. களத்துக்குப் போய்ப் பெட்டியின் அடியில் இருந்த பொத்தானை அமுக்கினான். மணி அடித்தது. இரண்டும் அந்தக் கணமே பன்றியை விட்டுவிட்டு வாலாட்டிக்கொண்டு ஈரலுக்கு ஓடி வந்தன. ஒச்சாண்டி சிரித்தான். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளைகள் என்று கழுத்தைத் தடவிக்கொடுத்தான். பன்றியைக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு யாரிடமும் மூச்சு விடவில்லை.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம். மேல்பாத்தியில் வரப்பு உடைந்து தண்ணீர் தோட்டத்துக்குள் பாய்ந்தது. மண் அணைக்கப் போன ஒச்சாண்டி ஈரத்தில் புதுக் குளம்புத் தடங்களைப் பார்த்தான். பன்றி உள்ளேதான் எங்கோ இருக்க வேண்டும். நாய்களை அவிழ்த்துவிட்டு மண்வெட்டியோடு மேலே ஏறினான். அனுசுயா முறுக்கு மாவு அரைக்க மில்லுக்குப் போயிருப்பாள் என்பது அவன் நினைப்பு.

மில்லில் கரண்ட் இல்லை. அவள் தூக்குவாளியில் காப்பியை ஊற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிட்டாள். மோட்டார் ரூம் வரும்போது மழை வலுத்தது. ஆணியில் ஒரு பழைய சாக்கு தொங்கியது. மடிக்கக்கூட வேண்டியதில்லை, கொங்காணி மடிப்பு அப்படியே இருந்தது. எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். பந்தலுக்குள் வந்தால் மழையில் கழன்ற குலைகள் சேற்றில் கிடந்தன. பொறுக்கலாம் என்று குனிந்தாள். குனிந்தபடியே வரிசையில் நகர்ந்தாள்.

ஒச்சாண்டிக்குக் குரைப்புச் சத்தம் கேட்கவில்லை. “ஆத்தா” என்று பாதியில் அறுந்த ஒரு குரல்தான் கேட்டது. அது யார் குரல் என்று தெரிந்துகொள்ள அவனுக்கு யோசனை தேவைப்படவில்லை.

அவன் வந்தபோது அவள் குப்புறக் கிடந்தாள். செம்பி அவள் முதுகில் ஏறி நின்று சாக்கோடு பிடரியைக் கவ்வியிருந்தாள். சூரன் பக்கவாட்டில் காதையும் தாடையையும் சேர்த்துப் பிடித்திருந்தான். நனைந்த சேலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்குவதைப்போல இரண்டும் எதிரெதிராக முறுக்கின. சேற்றுத் தண்ணீர் சிவந்து ஓடியது. “செம்பி, நாந்தாண்டி, செம்பி,” என்று அவள் மண்ணுக்குள் முனகினாள். பெயர் கேட்டதும் செம்பி வாலை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இன்னும் ஆழமாகக் கவ்வினாள். கோபமே இல்லை அதுகளிடம். அதைத்தான் ஒச்சாண்டியால் சாகிற வரைக்கும் மறக்க முடியாது.

மண்வெட்டியின் பின்பக்கத்தால் சூரனின் விலாவில் அடித்தான். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. விடவில்லை. மறுபடி அடித்தான். வாயோரம் ரத்தக் குமிழி வந்தது, பிடி தளரவில்லை. செம்பியின் பின்னங்கால்களைப் பிடித்து இழுத்தான். நாயோடு சேர்ந்து அவள் கழுத்துச் சதையும் எழும்பியது. அவள் அலறினாள். விட்டான். வெட்டலாம் என்று மண்வெட்டியைத் திருப்பி ஓங்கினால் வெட்டு அவள் தலையில் விழும். மண்டியிட்டு விரல்களைச் செம்பியின் பல்லிடுக்கில் நுழைத்து நெம்பினான். அவன் ஆள்காட்டி விரலின் நுனி நகத்தோடு போயிற்று. அனுசுயா தடவித் தடவி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இரும்புப் பிடி. இருபத்தாறு வருடத்தில் அவள் அவனை அப்படிப் பிடித்ததே இல்லை.

அப்போதுதான் சூரனின் கண்ணைப் பார்த்தான். அது அவளையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. மழைக்கு ஊடே களத்துப் பக்கமாக, பெட்டி இருக்கிற திசையில் பார்த்துக்கொண்டிருந்தது. மணிக்குக் காத்திருந்தது. கேமராவின் பார்வை களத்தோடு முடிந்துவிடுகிறது. இங்கே யார் மணி அடிப்பது? அடிக்கிற வரைக்கும் இதுகள் விடப்போவதில்லை.

அவளுடைய விரல்களைத் தன் மணிக்கட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தான். சுண்டுவிரலை மடக்கித்தான் பிரிக்க முடிந்தது. ரத்தம் வழியும் ஒற்றைக் கண்ணால் அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“விட்டுட்டுப் போகாதீக,” என்றாள்.

அவன் அவளை விட்டுவிட்டு ஓடினான்.

அறுபது காலடித் தூரம். பந்தல் கம்பி நெற்றியைக் கிழித்தது. சேற்றில் இரண்டு முறை விழுந்தான். பெட்டியின் அடியில் கையை விட்டுப் பொத்தானை அமுக்கினான். மழைக்குள் அந்த மணி கோயில் மணியைப்போல அத்தனை சுத்தமாக அடித்தது. தட்டில் ஒரு துண்டு விழுந்தது. இரண்டும் வந்தன. வாயிலும் நெஞ்சிலும் அவன் பெண்டாட்டியின் ரத்தம், வால் ஆடிய ஆட்டத்தில் இடுப்பே ஆடியது. செம்பி துண்டை முழுங்கினாள். முறிந்த விலாவோடு இழுத்து இழுத்து வந்த சூரன் அவனை அண்ணாந்து பார்த்தான். எங்கே திரும்பி ஓடிவிடுமோ என்ற பயத்தில் ஒச்சாண்டி மறுபடியும் அமுக்கினான். அதுவும் தின்றது. தின்கிற நேரத்தில் இரண்டையும் சங்கிலியில் மாட்டினான். அவள் அங்கே கிடக்க, கொக்கியைச் சரிபார்த்துவிட்டுத்தான் திரும்பி ஓடினான்.

இடது காது போயிற்று. தாடை எலும்பு விரிசல், பிடரியில் கைப்பிடிச் சதை இல்லை. சாக்கு இரண்டு மடிப்பாக இருந்ததால் பல் தண்டுவடத்தைத் தொடவில்லை, உயிர் தப்பியது என்று தேனி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டது என்று நாய்களைத் திட்டினார்கள். ஒச்சாண்டி தனி ஆளாகப் போராடிப் பொண்டாட்டியை மீட்டான் என்று புகழ்ந்தார்கள். கையில் கட்டு, நெற்றியில் தையல். பார்த்தால் நம்பும்படிதான் இருந்தது. அவனும் மறுக்கவில்லை.

ஜாஸ்பர் சென்னையிலிருந்து நேராக வந்தான். வராந்தாவில் உட்கார்ந்து ஒச்சாண்டியின் போனை வாங்கிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

“கொரைப்ப ஏண்ணே எடுத்தீக?”

ஒச்சாண்டி கைக்கட்டை அவிழ்த்து மறுபடி சுற்றினான்.

“அது இருந்திருந்தா அஞ்சடிக்கு முன்னாலயே அக்காவுக்குத் தெரிஞ்சிருக்குமே. திரும்பி அதட்டியிருப்பாகளே.” சொல்லிவிட்டு அவனும் முகத்தைப் பொத்திக்கொண்டான். “நானும் சும்மா நாலு பட்டனக் காட்டிட்டுப் போயிட்டேன்.”

மூன்றாம் நாள் காலையில் ஒச்சாண்டி அரிவாளோடு தோட்டத்துக்குப் போனான். மூன்று நாள் பட்டினி கிடந்த இரண்டும் அவனைப் பார்த்ததும் எழுந்து, சங்கிலி எட்டுகிற தூரம் வரை வந்து, பெட்டியைப் பார்க்க முறையாக உட்கார்ந்தன. செம்பிக்கு ஒரு வெட்டுப் போதுமாயிருந்தது. சூரனுக்கு மூன்று. முதல் வெட்டு விழுந்த பிறகும் அது குரைக்கவில்லை, ஓடப் பார்க்கவில்லை, பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ரத்தம் சொட்டும் அரிவாளைப் பெட்டியின் மேலும் ஓங்கினான். அப்புறம் இறக்கிக்கொண்டான். அது என்ன செய்யும், சொன்னதைச் செய்தது. ராணிக்குப் பக்கத்தில் இரண்டையும் புதைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினான்.

அனுசுயாவுக்கு அன்றைக்குத்தான் பேச்சு வந்தது. தாடைக்குக் கட்டு, உதடு மட்டும் அசைந்தது. சொந்தக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். சுண்டுவிரல் வீங்கியிருந்தது.

“என்னைய விட்டுட்டு எங்கிட்டு ஓடுனீக?” என்றாள்.

ஆள் கூட்டிவரப் போனேன் என்று சொல்லலாம். அரிவாள் எடுக்கப் போனேன் என்று சொல்லலாம். ஊருக்குச் சொன்னதைப் போல இவளுக்கும் சொல்லிவிடலாம். கட்டுக்கு வெளியே தெரிந்த ஒற்றைக் கண்ணைத் திறந்தபடி அவள் காத்திருந்தாள்.

“ஈரல் போட,” என்றான். “அதுகளுக்கு ஈரல் போடப் போனேன்த்தா. மணி அடிச்சாத்தான் விடும். அப்பிடித்தான் பழக்கியிருந்தேன். நாந்தான் பழக்குனேன்.”

வராந்தாவில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

“தின்னுச்சுகளா?” என்று கேட்டாள்.

“தின்னுச்சுக.”

அனுசுயா அவன் கைக்குள் இருந்த தன் கையை உருவிக்கொண்டு, மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.